கிணற்றுக் கல்லில் கட்டிய கோயில்

தம்பி, நீ அனுப்பிய நான்கு பக்கமும் வந்து சேர்ந்தன. உன் அம்மாவின் போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிந்ததால் கடைத்தெருவுக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். "எழுத்துப் பிழை மட்டும் பாருங்க டாடி, வியாழக்கிழமை அச்சுக்குப் போவணும். இதையே சுருக்கி கோயில் வாசல்ல கல்வெட்டும் வெக்கப் போறாங்களாம்" என்று சொல்லியிருந்தாய். நம் கோயில் பங்கின் பொன்விழாவுக்கு வரலாறு எழுத பெங்களூரில் இருக்கும் என் மகனைத் தேடிப் பிடித்தார்களே என்று உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எழுத்துப் பிழை மூன்று இருந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டேன். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை வட்டம் போட்டுக் காட்ட முடியாது என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதல் பக்கம், இரண்டாவது பத்தி. 'தொடக்கத்தில் இப்பகுதி ஆள் நடமாட்டம் இல்லாத பொட்டலாக இருந்தது. ஒருசில ஏழைக் குடும்பங்கள் மட்டும் ஆங்காங்கே வசித்துவந்தன. நகரம் வளர வளர, இறைமக்கள் பல இடங்களிலிருந்தும் வந்து குடியேறியதால் ஆலயம் ஒன்றின் தேவை உணரப்பட்டது.' இதை நீயாக யோசித்து எழுதியிருக்க மாட்டாய். புதுக்கோயிலைத் திறந்த அர்ச்சிப்பின்போது வெளியிட்ட பழைய விழா மலரைச் சாமியார் உன்னிடம் கொடுத்திருப்பார், அதிலிருந்து எடுத்திருப்பாய். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. பழைய மலரில் அந்த மூன்று வாக்கியங்களையும் எழுதியவன் நான். அடியில் பெயர் இருக்காது, பங்குப் பேரவைச் செயலாளர் என்று மட்டும் இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத அந்தப் பொட்டலில்தான் நான் பிறந்தேன்.

உன்னிடம் நான் சொல்லி வைத்திருப்பது வேறு கதை. தாத்தா கிணறு வெட்டும் காண்ட்ராக்ட் எடுத்தவர், கீழ்பென்னாத்தூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது, பங்காளித் தகராறில் போய்விட்டது என்று. உன் கல்யாணப் பேச்சின்போது உன் மாமனாரிடமும் அதையேதான் சொன்னேன். என் நைனா சவரிமுத்து எந்தக் காண்ட்ராக்டும் எடுத்தவரில்லை. கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கியவர். பாறையில் குழி போட்டு, வேட்டு வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி வந்தவர். அவரும் அவரைப் போன்ற இன்னும் பத்துக் குடும்பங்களும் கீழ்பென்னாத்தூரைச் சுற்றியிருந்த சேரிகளிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து, ஊருக்கு வெளியே பாறையும் முள்ளுமான ஒரு கல்லாங்குத்தில் குடிசை போட்டார்கள். வேர்க்கடலைக்குத் தண்ணீர் வேண்டும் என்று வசதியுள்ள எல்லாரும் கிணறு வெட்டிக்கொண்டிருந்த காலம், வேலை ஜாஸ்தி. வயிற்றுக்காக மட்டும் அவர்கள் வரவில்லை. சொந்த ஊரில் பூசைக்குப் போனால் இடது பக்கச் சுவரோரமாக நிற்க வேண்டும். நற்கருணை வாங்க எல்லாரும் போன பிறகுதான் போக வேண்டும். ஞானஸ்நானம் வாங்கியதால் சர்க்கார் சலுகை போயிற்று, சேரி மட்டும் கூடவே கோயிலுக்குள் வந்தது. அதற்குப் பயந்துதான் இங்கே வந்தார்கள்.

இங்கே கோயில் என்றால் எல்லாருக்கும் பெரிய சிவன் கோயில்தான். எங்களுக்கு ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, புளியமரத்தடியில் பூசை வைப்பார். எங்கள் தெருப் பெண்கள்தான் அவரிடம் முதலில் கேட்டார்கள், ஒரு மழை பெய்தால் பூசை நின்றுபோகிறதே சாமி, எங்களுக்கு ஒரு கூரையாவது கட்டிக் கொடுக்கக்கூடாதா என்று. அவர் எங்கெங்கோ எழுதி, அந்தக் கல்லாங்குத்தை வாங்கினார். "சுண்ணாம்பு நான் தருவேன், கல் நீங்கள் தாருங்கள்" என்று அவருடைய தமிழில் சொன்னார். கல்லுக்கா பஞ்சம். கிணறு வெட்டுகிறவன் கையில் இருப்பதே கல்தானே. யார் எந்தக் கிணற்றில் வேலை செய்தாலும், அங்கே வேட்டு வைத்து எடுத்த கல்லை நிலத்துக்காரரிடம் கேட்டு வாங்கினார்கள். தூரத்துக் கல் இரவல் வண்டியில் வந்தது. பக்கத்துக் கல் பெண்கள் தலையில் வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். நான் சுமந்தது கைக்கு அடங்குகிற சல்லிதான், ஆனால் நானும் சுமந்தேன்.

அந்தச் சின்னக் கோயிலை நீ பார்த்திருக்கிறாய், உனக்கு நினைவிருக்காது. சுவர் ஒரே நிறமாக இருக்காது. ஒரு கல் கறுப்பு, ஒரு கல் செம்பழுப்பு, இன்னொன்றில் வெள்ளை வரி ஓடும். நைனா சுவரோரமாக நடந்துகொண்டே, இது ரெட்டியார் கிணறு, இது பாய் கிணறு, இது தண்ணியே வராத கிணறு என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். பீடத்தின் முதல் படியில் ஒரு கல் இருந்தது. அதைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொல்ல மாட்டார். அவருடைய தம்பி சின்னப்பன் வேட்டு வெடித்துச் செத்த கிணற்றிலிருந்து வந்த கல் அது. சாமியார் அதைப் படியில் வைக்கச் சொன்னாராம், பூசை வைக்கிறவர் ஒவ்வொரு முறையும் அதை மிதித்துத்தான் ஏற வேண்டும், மறந்துவிடக்கூடாது என்று. கோயில் முடிந்ததும் அவர், பின்னாலேயே நீங்களும் வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்றார். பதினோரு வீடும் அப்படி வந்ததுதான். பத்திரம், எழுத்து ஏதாவது வேண்டாமா சாமி என்று நைனா கேட்டதற்கு, "நான் இருக்கிறேன் அல்லவா" என்றாராம். அவர் நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. அவர் இருந்தவரைக்கும் இருந்தார், பிறகு இறந்துபோனார்.

என்னை விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்ததும் அவர்தான். நான் நில அளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்தேன், டீச்சர் வேலை பார்த்த உன் அம்மாவைக் கட்டினேன், மாவட்டம் பிரிந்து கலெக்டர் ஆபீஸ் வந்ததும் வேங்கிக்காலில் மனை வாங்கி வீடு கட்டினேன். தெருவிலிருந்து மூன்று மைல்கூட இருக்காது. ஆனால் அந்த மூன்று மைலைக் கடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உனக்கு நாலு வயது இருக்கும்போது ஒரு நாள் பேரவைத் தலைவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நம் வீட்டுக்கு வந்திருந்தார். நீ உள்ளேயிருந்து ஓடி வந்து என்னை "நைனா" என்றாய். தாத்தா வீட்டில் கற்றுக்கொண்ட எங்கள் தெருப் பேச்சு. அவர் சிரித்துக்கொண்டே, "பையன் இந்த வார்த்தைய எங்க சார் புடிச்சான்?" என்றார். அவர் போனதும் உன்னை அறைந்தேன். அன்றிலிருந்து நீ டாடி என்கிறாய். உனக்கு அந்த அறை ஞாபகம் இல்லை என்று தெரியும். எனக்கு உண்டு. ஒரு ஆள் சிரித்ததற்காகத் தன் பிள்ளையை அடிக்கிறவன் அதற்கப்புறம் எதையும் செய்வான். நீ தகப்பனாகும்போது இதை நினைத்துக்கொள்.

ஊர் பெரிதாகியது உனக்கே தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் கூடியது, லாட்ஜ் மேல் லாட்ஜ் எழும்பியது, ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ்களோடு கத்தோலிக்கர்களும் வந்தார்கள். பேங்க், பள்ளிக்கூடம், மின்வாரியம், கருவூலம் என்று தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மாற்றலாகி வந்த குடும்பங்கள். படித்தவர்கள், நன்றாகப் பாடுகிறவர்கள். முதலில் எல்லாரும் தரையில்தான் உட்கார்ந்தோம். பிறகு யாரோ தன் தகப்பனார் நினைவாக ஒரு பெஞ்சு செய்து போட்டார். அதைப் பார்த்து இன்னொருவர். இரண்டு வருஷத்தில் கோயில் பாதிக்குமேல் பெஞ்சு ஆகிவிட்டது, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயர். தெருக்காரர்கள் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பின்னால் போகச் சொன்னதில்லை. பெயர் எழுதிய பெஞ்சில் போய் உட்கார அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. எனக்கு மூன்றாவது பெஞ்சில் இடம் கிடைத்தது. திரும்பிப் பார்க்காமல் பூசை காண நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் இடம் போதவில்லை என்ற பேச்சு வந்தது. போதவில்லை என்பது உண்மைதான், பெருநாளுக்குப் பாதி ஜனம் வெளியே நின்றது. பழைய கோயிலை இடித்துவிட்டு, மெயின் ரோட்டைப் பார்த்தாற்போல் பெரிய கோயில் கட்டலாம் என்று பேரவை கூடியது. அப்போதிருந்த பங்குச் சாமியார் வரைபடத்தை மேஜையில் விரித்தார். கோயில் சரி, மேடை சரி, மாதா கெபி சரி. "வண்டி எங்க ஃபாதர் நிறுத்துவாங்க?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் படத்தில் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். பதினோரு வீடும் அங்கே சின்னச் சின்னக் கட்டமாக இருந்தன. தலைமையாசிரியர் மெதுவாகச் சொன்னார், "அவங்களுக்கும் இங்க கஷ்டந்தான். சாக்கடை வசதி இல்ல. எங்கனா நல்ல எடமா பாத்துக் குடுத்துட்டா அவங்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது." என் பக்கம் திரும்பி, "சர்வேயர் சார், நம்ம எல்லை எதுவரைக்கும்னு ஒருவாட்டி அளந்து குடுத்துடுங்களேன். நம்மாளு நீங்க இருக்கும்போது வெளியில எதுக்குப் போவணும்" என்றார்.

நம்மாளு. தம்பி, அந்த வார்த்தைக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. உன்னை யாராவது நம்மாளு என்று சொன்னால் உடனே குளிர்ந்துவிடாதே. யாரை வெளியே தள்ள உன்னை உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று கொஞ்சம் நின்று பார். நான் நின்று பார்க்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் குடியிருப்பவர்கள் என்ன மனு எழுதலாம், யாரிடம் போகலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வேறு ஊர்களில் அளக்கப் போனபோது ஏழைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த மேஜையில் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அளந்துடறேன் சார்" என்றேன்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆபீஸ் ஆளைக் கூட்டி வந்தால் விஷயம் வெளியே போகும் என்று தனியாகத்தான் போயிருந்தேன். நைனா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நம் வேங்கிக்கால் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை, நானும் வற்புறுத்திக் கூப்பிட்டதில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, கேட்காமலே டேப்பின் நுனியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"எதுக்குடா அளக்கற?"

"கோயிலுக்கு நைனா. பெருசாக் கட்டப் போறாங்க."

"அப்டியா. அப்ப நல்லா அளடா. கம்மி பண்ணிடாத."

வெயிலில் இரண்டு மணி நேரம் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன இடத்திலெல்லாம் நின்றார். முள்ளில் நில் என்றால் முள்ளில் நின்றார். அளந்து முடித்தபோது ஒன்று தெரிந்தது. ஏழு வீடுதான் கோயில் நிலத்தில் இருந்தது. நாலு வீடு எல்லைக்கு வெளியே, புறம்போக்கில் இருந்தது. அந்த நாலில் ஒன்று நைனாவின் வீடு, பன்னிரண்டு அடி தள்ளி. படத்தை வரைந்து எடுத்துக்கொண்டு போய் தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோடு இங்க வந்து உள்ள மடங்குது பாருங்க சார். நேரா வந்தா நல்லா இருக்கும் இல்ல?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. மறுநாள் நான் வேறொரு படம் வரைந்து கொடுத்தேன். அதில் கோடு நேராக இருந்தது, நாலு வீடும் கோயில் எல்லைக்குள் வந்திருந்தன.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் சுலபமாக நடந்தது. கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் ஓர் ஏரிக்கரை ஓரம் ஆளுக்கொரு துண்டு இடம் பார்த்தார்கள். சாமியார் வந்து ஜெபம் சொல்லி எல்லாரிடமும் கைரேகை வாங்கினார். கோயிலுக்காகக் கேட்கிறார்கள் என்றதும் பத்து வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆரோக்கியம் மட்டும்தான் கேட்டாள். நைனாவின் பக்கத்து வீடு, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், எங்கள் தெருப் பிள்ளைகளில் அதிகக் கல் சுமந்தவள். "கோயில் இங்க இருக்கும், நாங்க மட்டும் அங்க இருப்பமா சாமி? காத்தால பூசைக்கு எப்டி வர்றது?" என்று கேட்டாள். பஸ் வரும் என்று சொன்னார்கள். நைனாவை நம் வீட்டுக்கு அழைத்து வரலாம் என்று நான் போனேன். அதையாவது செய்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். அவர் பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "பதினோரு வூட்டையும் ஒண்ணா அனுப்பற. என்ன மட்டும் ஏண்டா தனியாப் பிரிக்கற?" கோடு நேராக்கியது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

பழைய கோயிலை இரண்டு நாளில் இடித்தார்கள். சுண்ணாம்புக் கட்டு, இவ்வளவு உறுதியாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்று மேஸ்திரி அலுத்துக்கொண்டார். அந்தக் கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று உன் நான்கு பக்கத்தில் இல்லை, பழைய மலரிலும் இல்லை. பின்பக்கம் பள்ளமாக இருந்தது, அதில் கொட்டி மண் போட்டு மூடினார்கள். சின்னப்பனின் கல்லும் அதில்தான் போயிற்று. எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். உன் கல்யாணத்தன்று உன் மாமனார் வீட்டார் வந்த வேனும் காரும் அதன் மேல்தான் நின்றன.

அர்ச்சிப்பு நாளில் ஆயர் வந்தார், பேண்டு வாசித்தார்கள், ஊரே திரண்டது. ஏரிக்கரைக்காரர்களும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். நைனா வெள்ளை வேட்டி கட்டி, முகச்சவரம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். வாசல் பக்கம் கறுப்புக் கல்லில் பெயர்கள் வெட்டியிருந்தது. ஆயர் பெயர், சாமியார் பெயர், பேரவைக்காரர்கள் பெயர், என் பெயரும் இருந்தது, அதற்குக் கீழே அன்பளிப்புச் செய்தவர்கள். கூட்டம் கலைந்த பிறகு நைனா என் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு எழுத்து தெரியாது.

"எங்க தெரு பேரு எங்கடா எழுதிருக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் கோபப்பட்டிருப்பார், அழுதிருப்பார், நாலு பேர் பார்த்திருப்பார்கள். முதுகு குனிந்த அவருக்குக் கை எட்டுகிற உயரத்தில் கடைசி வரி இருந்தது. ஒலிபெருக்கி அன்பளிப்பு என்று போட்டு ஒரு ஜவுளிக் கடைக்காரரின் பெயர். அவர் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்து, "இதோ இருக்கு நைனா" என்றேன். அவர் அந்த வரியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். பிறகு விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டார். "நல்லா ஆழமா வெட்டிருக்கான்" என்றார்.

அவருக்கு உண்மையைச் சொல்லி அழ வைக்காமல் விட்டோமே, அதுவும் ஒரு புண்ணியம்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். உனக்கு நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறேன். வாய்ச்சொல்லை நம்பாதே, எழுதி வாங்கு என்றேன். இடம் வாங்கினால் வில்லங்கம் பார் என்றேன். எல்லாம் சரிதான். ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஒருவரின் மனம் நோகக்கூடாது என்று சொல்லுகிற பொய்யில், பெரும்பாலும் நோகாமல் தப்புகிறது சொல்லுகிறவன்தான்.

நைனா இரண்டு மூன்று மாதம் ஞாயிறு தவறாமல் வந்தார். அப்புறம் வருவது நின்றுவிட்டது. காலில் வலி என்று சொல்லி அனுப்பினார். நான் களிம்பு வாங்கி அனுப்பினேன், தைலம் வாங்கி அனுப்பினேன், நேரில் போகவில்லை. அடுத்த மழைக்கு ஏரி நிரம்பி அவர்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோதும் அரிசி அனுப்பினேன். இரண்டாவது வருஷம் அவர் இறந்துபோனார். உன்னைப் பரீட்சை என்று சொல்லி விட்டுவிட்டுத்தான் போனேன். அடக்கம் முடிந்து கை கழுவும்போது ஆரோக்கியம் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"எப்பா, உங்க நைனா எங்க எல்லாரையும் இட்டுகினு போயி அந்தக் கல்லைக் காமிச்சாரு. இதான் நம்ம பேரு, எம்புள்ள எழுத வெச்சிருக்கான்னு. எம்பொண்ணு பத்தாவது படிச்சிருக்குதே, அது படிச்சிச்சு. தாத்தா, இது மைக் செட்டு குடுத்தவரு பேருன்னு சொல்லிச்சு. அவரு பஸ்ல ஏறி வந்துட்டாரு. அதுக்கப்புறந்தான் அவருக்குக் கால்வலி வந்துது."

அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நான் கழுவிக்கொண்டே இருந்தேன்.

உன் நான்கு பக்கத்தைப் படித்த மறுநாள் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். இப்போது இருப்பவர் சின்ன வயது, தங்கமானவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது உண்மையாவே இருக்கும்ங்க ஐயா. ஆனா பொன்விழா நேரத்துல இதக் கிளறணுமா? ஜனங்க மனசு புண்படும்" என்றார். எந்த ஜனங்க சாமி என்று கேட்டேன். அவர் மேஜையில் இருந்த பேப்பர்களை அடுக்கினார். பிறகு, "எழுதறது உங்க பையன். அவரு எழுதிக் குடுத்தா நான் வெட்ட மாட்டேன். கல்வெட்டுலயும் போட்டுடறேன். அந்த வாக்கு மட்டும் நான் குடுக்கறேன்" என்றார். மனிதர் தப்பித்துக்கொண்டார் என்று முதலில் எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில், நான் தப்பித்துக்கொண்ட அளவுக்கு யாரும் தப்பித்துக்கொள்ளவில்லை என்று தோன்றியது.

அங்கிருந்து ஏரிக்கரைக்குப் போனேன், இத்தனை வருஷம் கழித்து. ஆரோக்கியத்துக்குப் பார்வை மங்கிவிட்டது, குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தாள். பதினோரு வீட்டுப் பெயரையும் விரல் விட்டுச் சொன்னாள். சவரிமுத்து, பாக்கியநாதன், சூசை, இன்னாசி, ராயப்பன், மிக்கேல், தாவீது, அருளப்பன், அந்தோணி, செபஸ்தியான், புருஷன் இல்லாமல் தனியாகக் குடிசை போட்ட லூர்தம்மாள். நான் எழுதி முடித்ததும், "ஆம்பளைங்க பேரத்தான் போடுவாங்களா? கல்லு சொமந்தது நாங்க" என்றாள். அவள் பெயரையும் எழுதினேன். மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். பூசைக்கு வருவது இப்போது இரண்டு வீடுதான். நாலு வீட்டுக்காரர்கள் பெந்தகோஸ்து சபைக்குப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் திருநீறு பூசிக்கொண்டு பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறார்கள். மற்றவர்கள் எங்கும் போவதில்லை. நான் முகம் சுளித்ததை அவள் பார்த்திருக்க முடியாது, ஆனாலும் சொன்னாள்: "யாரு வா உக்காருன்னு சொன்னாங்களோ அங்க போனாங்க. அதுல இன்னா தப்பு?"

இந்தக் கடிதத்தை எழுதுவது உன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நல்லா இருக்கற புள்ளைய எதுக்குக் கலைக்கறீங்க? உங்க மனசு லேசாவறதுக்கு அவன் தலையில ஏத்தறீங்க" என்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீ இதை எழுதினால் உன் மாமனார் வீட்டார் படிப்பார்கள். எந்தத் தெருவில் பெண் கொடுத்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். உன் மனைவி எப்படி எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியாது, நல்ல பெண்தான், ஆனாலும் தெரியாது. உனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நைனாவுக்காக நான் முடிவு செய்தேன், உனக்காகவும் நான்தான் முடிவு செய்தேன், நீ எதைத் தெரிந்துகொள்ளலாம், எதைத் தெரிந்துகொள்ளக்கூடாது என்று. இனிமேல் அது என் வேலை இல்லை. அந்த இரண்டாவது பத்தி அப்படியே இருக்கட்டும் என்று நீ நினைத்தால் இருக்கட்டும். நான் உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டேன், கோபித்துக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை.

ஆனால் எழுதுவதாக இருந்தால் ஒன்று செய். பதினோரு வீட்டையும் யாரோ காலி பண்ணினார்கள் என்று எழுதாதே. ஒரு சர்வேயர் அளந்தார் என்றும் எழுதாதே. கோட்டை நேராக்கியவன் என்று என் பெயரைப் போடு. இனிஷியலோடு நிறுத்திவிடாதே. என் தகப்பன் பெயரை முழுசாக முன்னால் எழுதி, அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுது.